பட்டம் முடியுமுன் சட்டப் படிப்பா? விண்ணப்பிக்கலாம், அவசரப்பட்டு விலகக் கூடாது

ஜார்ஜ்டவுன் – "முதல்ல ஒரு டிகிரி முடி, அப்புறம் லாயருக்குப் படிக்கலாம்." தோட்டத்திலும் பட்டணத்திலும் பல வீடுகளில் பிள்ளைகள் கேட்டு வளரும் அறிவுரை இது. தமிழ்நாட்டில் பட்டம் பெற்ற பின் மூன்றாண்டுச் சட்டம் படிக்கும் வழக்கத்தை ஒட்டி வந்த பேச்சு. அங்கேயே இப்போது பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம்.

மலேசியாவில் சட்டம் இளங்கலைப் படிப்பு. எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், அசாசி அல்லது ஏ லெவலில் தகுதியான புள்ளிகள் பெற்றவர் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 1972இல் சட்டப் படிப்பைத் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் அது நான்கு ஆண்டுகள். பினாங்கு யுஎஸ்எம்மில் சட்டத் துறை இல்லை. வட மாநில மாணவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது கெடா, சிந்தோக்கிலுள்ள யுயுஎம்.

இது தெரியாமல் வேறு துறையில் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் சட்டத்தின் மீது ஆசை வந்த மாணவர் என்ன செய்வது?

விண்ணப்பிப்பதற்குப் பட்டச் சான்றிதழ் கையில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் இறுதியாண்டு மாணவரின் அதுவரையிலான புள்ளிகளைப் பார்த்து நிபந்தனையுடன் இடம் தருகின்றன. அமெரிக்காவில் சட்டம் படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டும். ஆனால் அங்கும் இறுதியாண்டிலேயே விண்ணப்பித்துவிட்டு, தேறிய பிறகு சான்றிதழை அனுப்புவதுதான் வழக்கம்.

விண்ணப்பிப்பது வேறு, படிப்பைப் பாதியில் விடுவது வேறு. படிப்பை விட்டாலும் அதுவரை வாங்கிய பிடிபிடிஎன் கடன் தீராது. முதல் வகுப்பில் தேறியவர் நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடன் விலக்குக் கேட்கலாம். விலகியவருக்கு அந்த வாய்ப்பும் போய்விடும். பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பத்துக்கு இது சிறிய சுமையல்ல.

அடுத்தது அங்கீகாரம். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட உள்நாட்டுப் பல்கலைக்கழகச் சட்டப் பட்டதாரி ஒன்பது மாதத் தொழில் பயிற்சிக்கு நேரே செல்லலாம். அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர் பொதுவாக ஐந்து தாள்கள் கொண்ட சிஎல்பி தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வை நடத்தும் தகுதி வாரியம், சட்டப் பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. அதற்கு முன் மாணவர் எந்தத் தகுதியுடன் சேர்ந்தார் என்பதையும் பார்க்கிறது. வாரியத்தின் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்கள். ஆகவே செலவு குறைவு என்று இந்தியாவுக்குச் செல்ல நினைப்பவரும், ஏற்கெனவே பட்டம் உள்ளவர்களுக்கான இரண்டாண்டுச் சட்டப் படிப்பில் சேர நினைப்பவரும் முன்கூட்டியே வாரியத்திடம் எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது. முகவர் வாயால் தரும் உறுதி, பின்னாளில் வாரியத்தின் முன் எடுபடாது.

எஸ்பிஎம் முடித்த பிள்ளைக்குச் சட்டத்தில் நாட்டம் இருந்தால், அசாசியோ எஸ்டிபிஎம்மோ தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அதைப் பேசிவிட வேண்டும். வேறு படிப்பில் பாதி வழி போய்விட்டவர், கையிலுள்ள பட்டத்தை முடித்துக்கொண்டே அடுத்த கதவைத் தட்டலாம். உள்ளிருந்து கடிதம் வரும்வரை இருக்கிற இடத்தை விடாமல் இருப்பதுதான் முக்கியம்.