கண்ணாடியும் கண்ணோட்டமும்

புதிய கருவி ஒன்று தோன்றும்போது உலகம் முதலில் அதன் ஆற்றலைக் கண்டு வியக்கிறது. அடுத்து அதன் விலையைக் கேட்கிறது. எனினும் அக்கருவி மக்களிடையே நிலைபெறுமா என்பதை வியப்பும் விலையும் மட்டுமே முடிவு செய்வதில்லை. அதனைக் கையாள்பவரின் அருகில் நிற்பவர் என்ன உணர்கிறார் என்பதும் அம்முடிவில் பங்கு கொள்கிறது. கருவியை வாங்குபவர் ஒருவர். அதன் விளைவை ஏற்பவர் பலர். இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டும் நாடு ஜப்பான். எடுத்துக்காட்டும் கருவி கலப்பு மெய்ம்மைக் கண்ணாடி.

கலப்பு மெய்ம்மை என்பது யாது? கண்ணெதிரே உள்ள மெய்யான உலகத்தோடு, கணிப்பொறி தீட்டும் உருவங்களையும் கலந்து ஒரே காட்சியாகக் காட்டுவது அது. இக்கண்ணாடியை அணிந்தவர் தம் அறையையும் மேசையையும் காண்பார். அம்மேசையின்மேல், மெய்யில் இல்லாத கடிதமும் படமும் பெருந்திரையும் நிற்பதையும் காண்பார். இன்று விற்கப்படும் பல வகைகளில் கண்ணாடி என்பது பெயரளவே. கண்ணின் முன்புறம் முழுதும் மூடப்பட்டிருக்கும். வெளியே பொருத்திய ஒளிப்படக் கருவிகள் எதிரில் உள்ளவற்றைப் படம் பிடிக்கும். உள்ளே இரு கண்களுக்கும் நேராக அமைந்த சிறு திரைகள் அப்படத்தை உடனுக்குடன் காட்டும். ஆகவே, அணிந்தவர் உலகை நேரே காண்பதில்லை. உலகின் படத்தையே காண்கிறார். அவர் விழிகளையும் உலகம் காண்பதில்லை. பின்வரும் செய்திகளுக்கெல்லாம் இவ்வொரு வேறுபாடே அடிப்படை.

இத்துறை ஜப்பானுக்குப் புதிதன்று. கனடா நாட்டில் பணியாற்றிய பால் மில்கிராம் என்பவரும் ஜப்பானியரான பூமியோ கிஷினோ என்பவரும் 1994ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையே ‘கலப்பு மெய்ம்மை’ என்னும் சொல் அறிஞரிடையே வழங்குவதற்கு அடிகோலியது. 1997 முதல் 2001 வரை, அரசின் துணையோடு கேனான் நிறுவனம் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்தியது. 2007இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘தென்னோ காயில்’ என்னும் ஓவியத் தொடர் ஒளிபரப்பாயிற்று. அதில் வரும் சிறுவர் சிறுமியர் இத்தகைய கண்ணாடிகளை அணிந்தே பள்ளிக்குச் செல்வர், தெருவில் விளையாடுவர். ஆயினும் அக்கதையில் வரும் கண்ணாடிகள் மூக்கின்மேல் அமரும் எளிய கண்ணாடிகளே. அவற்றினூடே குழந்தைகளின் விழிகள் தெரியும். அவர்தம் சிரிப்பும் அச்சமும் தெரியும்.

மெய்யாகக் கடைக்கு வந்த கருவியோ வேறு வடிவினது. மெட்டா நிறுவனத்தின் ‘குவெஸ்ட் 3’ என்னும் கருவி 2023 அக்டோபரில் 74,800 யென் விலை முதல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ‘விஷன் புரோ’ 2024 ஜூன் 28ஆம் நாள் 599,800 யென் விலை முதல் விற்கப்பட்டது. அப்போது அதன் எடை 600 கிராமுக்குக் குறையாது. மின்கலம் தனியே ஒரு கம்பியின் முனையில் தொங்கியது. ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ 2 மணி நேரம் இயங்கியது. வாங்கியோர் அதன் காட்சித் தெளிவைப் புகழ்ந்தனர். இடம் குறுகிய நகர வீடுகளில், சுவரே இல்லாமல் பெருந்திரை ஒன்றைப் பெறுவது சிறு பேறன்று. கனத்தையும் விலையையும் குறை கூறினாரும் பலர். இவ்விரு குறைகளும் காலத்தால் நீங்கக்கூடியவை. கடிகாரமும் வானொலியும் அவ்வாறே சிறுத்தன. காலத்தால் தானே நீங்காத வினா ஒன்று உண்டு. இதனை வீட்டினுள் அணியலாம். பலர் கூடும் பொதுவிடத்தில் அணிதல் தகுமா என்பதே அது.

ஒரே நோக்கத்தோடு கூடியவர் நடுவில் இவ்வினா எழுவதில்லை. 2016ஆம் ஆண்டில் ஜப்பான் விமான நிறுவனம், விமானிகளுக்கும் இயந்திரம் பழுதுபார்ப்போருக்கும் பயிற்சி அளிக்க மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ‘ஹோலோலென்ஸ்’ என்னும் கண்ணாடியைக் கொண்டு சோதனை செய்தது. மெய்யான இயந்திரம் அருகில் இல்லாமலே அதன் உறுப்புகளைப் பயில்வோர் சுற்றிவந்து கண்டனர். 2018இல் கியோத்தோ நகரில், காற்றுத் தேவனையும் இடித் தேவனையும் தீட்டிய பழம்பெரும் மடிப்புத்திரை ஓவியத்தை அதே வகைக் கண்ணாடி அணிந்து காணும் காட்சி ஒன்று நிகழ்ந்தது. இவ்விடங்களில் கண்ணாடி அணிந்தவரைக் கண்டு எவரும் ஐயுறவில்லை. அவர் எதற்காக அணிந்தார், எதைக் காண்கிறார் என்பதை அங்குள்ளோர் அனைவரும் அறிவர். அறியாமை இல்லாத இடத்தில் ஐயத்திற்கு இடமில்லை.

ரயில்வண்டியின் நிலை அத்தகையதன்று. டோக்கியோ நகரத்தில் காலை வேளையில் ஒருவர் தோள் மற்றொருவர் தோளில் உராயும்படி மக்கள் பயணம் செய்கின்றனர். அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர். எனினும் ஒருவர் தளர்ந்தால் மற்றவர் இடம் தருவதும், ஒருவர் இறங்க முற்பட்டால் மற்றவர் விலகுவதும் பேச்சின்றியே நிகழ்கின்றன. அதற்குத் துணை நிற்பது கண். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாக்கி யூக்கி என்பவரும் உடன் ஆய்ந்தோரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பிறர் முகத்தில் உணர்ச்சியை அறிய அமெரிக்கர் வாயின் வடிவையும், ஜப்பானியர் கண்ணின் வடிவையும் மிகுதியாக நோக்குகின்றனர் என்று காட்டியது. வாயை மூடும் துணிக்கவசம் ஜப்பானில் நெடுங்காலமாக இயல்பாக வழங்குவது இவ்வாய்வோடு ஒத்துப்போகிறது. வாய் மறைந்தாலும் கண் பேசுகிறது. கண் மறைந்தால் அங்குப் பேசுவது யாது?

புதுக் கருவியையும் பொது ஒழுக்கத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் வழக்கம் ஜப்பானுக்கு முன்பே உண்டு. 1979 ஜூலை முதல் நாள் சோனி நிறுவனம் ‘வாக்மன்’ என்னும் சிறு இசைக்கருவியை வெளியிட்டது. அதன் தலைவர் அகியோ மோரிட்டா, ஒருவர் மட்டும் தனித்து இசை கேட்பது அருகில் உள்ளவருக்கு மதிப்புக் குறைவாகத் தோன்றுமே என்று கவலைப்பட்டார். ஆகவே, இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் அமைந்தன. இசையைத் தணித்து உரையாட ஒரு பொத்தானும் அமைந்தது. முதல் மாதத்தில் விற்றவை ஏறத்தாழ 3,000 கருவிகளே. நிறுவனத்தார் இளைஞரைத் தெருக்களில் அனுப்பி, வழிப்போக்கரின் காதில் பொருத்திக் கேட்கச் செய்தனர். பின்னரே விற்பனை பெருகியது. மக்கள் தனித்துக் கேட்பதையே விரும்பியதால், பிற்காலக் கருவிகளில் அப்பொத்தான் மறைந்தது. மோரிட்டாவின் கவலை வீணாயிற்று எனச் சிலர் கூறக்கூடும். அது முற்றும் சரியன்று. காதணியிலிருந்து கசியும் ஓசை ரயிலில் பிறரை வருத்தியபோது அக்கவலை வேறு வடிவில் திரும்பி வந்தது. ஓசையைக் குறைத்துக் கேட்பது ஒரு பொது ஒழுக்கமாக வளர்ந்தது.

கைப்பேசியின் வரலாறும் இதனையே கூறுகிறது. ரயிலில் கைப்பேசியின் மணியை அடக்குக, உரையாடலைத் தவிர்க்க என்னும் வேண்டுகோளை ஜப்பானியப் பயணிகள் ஏற்று நடக்கின்றனர். இதயத்தில் மின்கருவி பொருத்தியவர்க்குத் தீங்கு நேருமோ என்னும் அச்சத்தால், முதியோர்க்கும் நோயாளர்க்கும் ஒதுக்கிய இருக்கைகளின் அருகே அதனை அணைத்துவிடுமாறும் வேண்டினர். அவ்வச்சம் குறைந்தபோது, 2015 அக்டோபர் முதல் கிழக்கு ஜப்பானின் ரயில் நிறுவனங்கள் அவ்விதியை நெரிசல் மிக்க வேளைக்கு மட்டும் உரியதாகத் தளர்த்தின. ஒழுக்கம் கல்லில் வெட்டிய எழுத்தன்று. பிறர் நலம் கருதி இறுக்கவும் தளர்த்தவும் கூடியது என்பது இதனால் விளங்கும்.

ஒழுக்கம் பின்தங்கிய இடத்தில் உயிரே போனதும் உண்டு. கைப்பேசித் திரையில் தெருவையும் கற்பனை உயிர்களையும் கலந்து காட்டிய ‘போக்கிமான் கோ’ என்னும் விளையாட்டு 2016 ஜூலை 22ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. அதற்கு இரு நாட்களுக்கு முன்னரே அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. இருந்தும் அடுத்த மாதத்திலேயே தொக்குஷிமாவில், அவ்விளையாட்டில் மனம் செலுத்தியவாறு ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் உயிரிழந்தார். வண்டி ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவோர்க்கு உரிய தண்டனை 2019 டிசம்பரில் கடுமையாக்கப்பட்டது. 2020 ஜூலையில், கனகாவா மாநிலத்து யமாத்தோ நகரம் நடந்துகொண்டே கைப்பேசி பார்ப்பதைத் தடை செய்தது. அவ்விதியில் தண்டம் எதுவும் இல்லை. தண்டத்தை நம்பாமல் மக்களின் நல்லுணர்வை நம்பிய விதி அது. கையில் உள்ள திரைக்கே இத்துணைக் கவனம் வேண்டுமெனின், கண்ணையே மூடிய திரைக்கு எத்துணைக் கவனம் வேண்டும்!

இங்கு மறுப்பு ஒன்று எழும். ரயிலில் செய்தித்தாளை விரித்து அதனுள் மறைந்தோர் முன்பும் இருந்தனர். தாம் படிக்கும் நூலின் பெயர் பிறருக்குத் தெரியாதபடி கடைக்காரர் தரும் தாளுறையால் மூடிப் படிப்பது ஜப்பானில் வழக்கமே. கூட்டத்தில் தனிமை தேடுவது குற்றமாயின், நூல் படிப்பதும் குற்றமாகாதோ என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. தனிமை எவருக்கும் உரியது. அதனைக் குறை கூறுதல் தகாது. ஆனால், நூல் எதிரில் இருப்பவரைப் படம் எடுப்பதில்லை. நூல் படிப்பவர் தலை நிமிர்ந்தால் அவர் தம்மை நோக்குகிறார் என்பதை எதிரில் இருப்பவர் அறிவர். கண்ணாடி அணிந்தவரோ நோக்குகிறாரா, நோக்கவில்லையா, படம் எடுக்கிறாரா என்பது எதிரில் இருப்பவருக்கு எளிதில் விளங்காது. ஒருவர் காண, மற்றவர் தாம் காணப்படுவதையே அறியாத நிலை அது. குறை தனிமையில் இல்லை. இந்தச் சமமின்மையில்தான் இருக்கிறது.

கருவியைப் படைத்தவரும் இதனை உணராமல் இல்லை. ‘விஷன் புரோ’வின் வெளிப்புறத்தில், அணிந்தவரின் கண்களைப் போன்ற உருவத்தைக் காட்டும் திரை ஒன்று அமைந்துள்ளது. படம் எடுக்கும்போது அத்திரை ஒளிர்ந்து அறிவிக்கிறது. ‘குவெஸ்ட்’ கருவியிலும் அதற்கென வெண்ணிற விளக்கு உண்டு. இவை பாராட்டத்தக்க ஏற்பாடுகள். எனினும் விளக்கின் பொருளை அறியாதவருக்கு விளக்கு ஒரு புள்ளியே. பிறர் உடலை அவர் இசைவின்றி இழிநோக்கோடு படம் எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2023 ஜூலையில் ஜப்பானில் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய குற்றத்தின் அச்சம் உள்ள சமுதாயத்தில், முகத்தில் ஒளிப்படக் கருவியோடு வருபவரைக் கண்டு ஒரு பெண் ஒதுங்கி நின்றால், அவளைப் புதுமையை வெறுப்பவள் என்று பழித்தல் நேர்மையன்று.

அதேபோல், கண்ணாடி அணிந்த எவரையும் நகைத்தலும் நேர்மையன்று. கருவிழிப் படலம் சீர்கெட்டதால் பார்வை குன்றியவர்க்காக, விழித்திரையின்மேல் நேரே காட்சியை வீழ்த்தும் கண்ணாடி ஒன்றை ஜப்பானில் கவசாக்கி நகரத்துக் கியூ.டி. லேசர் நிறுவனம் ஆக்கியுள்ளது. ஒருவருக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றுவது மற்றொருவருக்கு இழந்த ஒளியாக இருத்தல் கூடும். எதிரில் அணிந்து நிற்பவர் எவ்வகையினர் என்பதை அறியாமல் எள்ளி நகையாடுவோர், தாமும் கண்மூடியவரே ஆவர்.

ஆதலால், முழுத் தடையும் வேண்டா. முழு விடுதலையும் வேண்டா. வீட்டிலும் பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் இக்கருவி தன் பயனைக் காட்டட்டும். பலர் கூடும் இடத்தில் அணிபவர், பிறர் பேச வரும்போது அதனைக் கழற்றி முகம் காட்டட்டும். படம் எடுக்குமுன் இசைவு கேட்கட்டும். நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதனை அணியாது விடட்டும். இளையோரும் தம் ஆர்வத்திற்கு எல்லை காணல் வேண்டும். ‘விஷன் புரோ’வை 13 வயதுக்குக் குறைந்தோர் பயன்படுத்தலாகாது என்று அதனை ஆக்கியவரே கூறியுள்ளனர். காதணியின் ஓசை அடங்கியதுபோல, கைப்பேசியின் மணி அடங்கியதுபோல, கண்ணாடிக்கும் ஓர் அடக்கம் பிறக்கும். அது சட்டத்தால் மட்டும் பிறப்பதன்று. அருகில் நிற்பவரை எண்ணிப் பார்ப்பதால் பிறப்பது.

தமிழில் கண்ணோட்டம் என்னும் சொல் வெறும் பார்வையைக் குறித்ததன்று; பிறரைக் கண்டவிடத்துச் சுரக்கும் பரிவையே முன்னோர் அச்சொல்லால் குறித்தனர். காட்சியைப் பெருக்கிக் காட்டக் கருவிகள் பல வரும். இன்றைய கண்ணாடியினும் மெல்லியன வரும். பரிவைப் பெருக்கிக் காட்டும் கருவி இதுவரை எங்கும் விற்கப்படவில்லை. அது கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கண்ணிடமிருந்தே வருதல் வேண்டும்.