மன்னிப்பு கேட்ட மெஷினும் மாயமான முதலாளியும்

ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா கடைப்பக்கம் வரலை. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். கூடப் படிச்ச நண்பர் ஒருத்தர், "பிரவுசருக்குள்ள ஏஜெண்ட் வந்தாச்சு, இனிமே நாம ஒண்ணும் அமுக்க வேண்டாம், அதுவே எல்லாத்தையும் முடிச்சிரும்"னு ஒரு வாரமா உடுக்கை அடிச்சுக்கிட்டு இருக்காரு. அவருக்குப் பதில் எழுதப்போயி அது இம்புட்டு நீளத்துக்கு வந்துட்டு. நானும் அந்த மாதிரி ஏஜெண்ட் கட்டுற வேலையிலதான் சோறு திங்கேன். அதனால, விவரம் தெரியாதவன் பயத்துல புலம்புதான்னு என்னைய ஒதுக்க முடியாது பாருங்க :-)

மொதல்ல எங்கூருப் பக்கத்துக் கதை. 2025 நவம்பர் கடைசி. ஸோஹோ ஸ்ரீதர் வேம்பு எக்ஸ் தளத்துல ஒரு சின்னத் துணுக்கு போட்டாரு. ஆலங்குளத்துல தென்காசி பஸ் ஏறினா எட்டிப் புடிக்கிற தூரத்துல, மத்தளம்பாறையில ஆபீஸ் போட்டு உலகத்துக்கே சாஃப்ட்வேர் விக்கிற மனுஷன். விஷயம் இதுதான். ஒரு ஸ்டார்ட்டப் முதலாளி, 'எங்க கம்பெனியை வாங்கிக்கிட முடியுமா'ன்னு அவருக்கு மடல் போட்டிருக்காரு. இன்னொரு கம்பெனியும் கேட்டிருக்கு, இன்ன விலை சொல்லியிருக்குன்னும் அதுல இருக்கு. அப்புறம் ரெண்டாவதா ஒரு மடல் வருது. அனுப்புனது அந்த முதலாளி இல்ல, அவரோட பிரவுசர் ஏஐ ஏஜெண்ட்! மத்த பேச்சுவார்த்தை ரகசியத்தை வெளிய சொல்லிட்டேன், மன்னிக்கணும், தப்பு ஏஜெண்டான என்னோடதுன்னு எழுதியிருக்கு.

ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது. நானுந்தான் சிரிச்சேன். சிரிச்சு முடிச்ச பிறகு அந்த ரெண்டாவது மடல்தான் உறுத்திக்கிட்டே இருந்தது. மொத மடல் வெறும் உளறல். உளறல் மனுஷனுக்கும் உண்டு. ரெண்டாவதுல 'நான்'னு ஒருத்தன் புதுசா முளைச்சு பழியைத் தலையில ஏத்துக்கிடுதான். அவனுக்குச் சம்பளம் கிடையாது, வீடு கிடையாது, ஜப்தி பண்ணணும்னா ஒரு ஓட்டை சைக்கிள் கூட கிடையாது. அவன் ஏத்துக்கிட்டா என்ன, ஏத்துக்கிடாட்டி என்ன? ஆனா அவன் முன்னால வந்து நின்ன உடனே பின்னால ரெண்டு பேர் மறைஞ்சு போறாங்க. ஒருத்தர், அவனை ஏவிவிட்டவர். இன்னொருத்தர், அவனைச் செஞ்சு வித்தவர். எனக்குக் கோவம் ரெண்டாவது ஆள் மேல. அந்த ஆள் நம்ம இனம்வே. பொட்டி தட்டுற இனம்.

இந்த 'மெஷின்தான் சொல்லிச்சு' கதையை ஏற்கனவே ஒருத்தர் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோய் மூக்குடைஞ்சு வந்தாச்சு. கனடாவுல ஒரு பயணி, பாட்டி செத்த துக்கத்துக்குப் போறதுக்கு ஏர் கனடா சாட்பாட்டுக்கிட்ட சலுகை கேக்காரு. டிக்கெட் எடுத்துட்டு அப்புறமா விண்ணப்பிக்கலாம்னு அது தப்பா சொல்லுது. கம்பெனி பணம் தர மாட்டேன்னுட்டு. விசாரணையில கம்பெனி வச்ச வாதம் என்ன தெரியுமா? சாட்பாட்டு ஒரு தனி ஆள் மாதிரி, அது சொன்னதுக்கு அதுவே பொறுப்பாம். 2024 பிப்ரவரியில பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதைத் தூக்கிக் குப்பையில போட்டு, 800 டாலர் சொச்சம் கட்டுன்னு சொல்லிட்டு.

நம்ம நாட்டுலயும் இதுக்கு விடை எப்பவோ எழுதியாச்சு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 11. ஒரு மின்பதிவை ஒருத்தர் தானே அனுப்பினாலும் சரி, அவர் சார்பா இன்னொருத்தர் அனுப்பினாலும் சரி, தானா இயங்கும்படி அவர் நிரல் வச்ச அமைப்பு அனுப்பினாலும் சரி, அது அவர் அனுப்பினதுதான். இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி, ஏஜெண்ட்ங்கற வார்த்தைக்கு எல்.ஐ.சி. ஏஜெண்ட்னு மட்டுமே நமக்கு அர்த்தம் தெரிஞ்ச காலத்துல எழுதினது. நான் வக்கீல் இல்ல, ஆனா தமிழ்ல படிச்சாலும் இங்கிலீஷ்ல படிச்சாலும் எனக்கு ஒரே அர்த்தந்தான் வருது: உங்க ஏஜெண்ட் அமுக்கினா நீங்க அமுக்கினதாத்தான் கணக்கு. சரிதான்னு தோணும். இப்ப அதையே கொஞ்சம் திருப்பிப் பாருங்க. பழி முழுக்க உபயோகிக்கிறவர் தலையில. கட்டிக் குடுத்தவன் 'விதிமுறைகளை ஏற்கிறேன்' டப்பாவுல டிக் வாங்கிட்டு நழுவிருதான்.

கட்டுதவனா உள்ள என்ன நடக்குன்னு சொல்லுதேன். பெரிய மாயம் ஒண்ணும் இல்ல. நீங்க பாக்கிற பக்கத்தை எழுத்தாவோ படமாவோ எடுத்து, உங்க கட்டளையோட சேத்து மாடலுக்குக் குடுப்போம். அது 'இந்த பட்டனை அமுக்கு'ன்னு ஒரு பதில் தரும். நம்ம நிரல் அமுக்கும். புதுப் பக்கம் வரும். மறுபடி குடுப்போம். செக்குமாடு சுத்துற மாதிரி இதேதான். பட்டனை அமுக்குற வித்தை புதுசே இல்ல, 2004லேயே தாட்வொர்க்ஸ்ல செலினியம் பொறந்தாச்சு. சென்னையில டெஸ்டிங் பாக்குற பாதிப் பேருக்கு அதுதான் சோறு. ஆனா அங்க அடுத்து எங்க அமுக்கணும்ங்கறது மனுஷன் முன்கூட்டியே எழுதி வச்சது. இங்க அதைத் தீர்மானிக்கிறதுல எதிர்ல இருக்கிற பக்கத்துக்கும் பங்கு இருக்கு. வம்பே இதுலதான்.

ஏன்னா உங்க கட்டளையும் யாரோ எழுதின பக்கமும் ஒரே சாக்குல போய் விழுது. எது எஜமான் சொன்னது, எது வழிப்போக்கன் சுவத்துல கிறுக்கினதுன்னு மாடலுக்கு உறுதியாப் பிரிக்கத் தெரியாது. 2022லயே சைமன் வில்லிசன் இதுக்கு 'பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்'னு பேரு வச்சாரு. எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் மாதிரிதானேன்னு நம்மாளுங்க லேசா எடுத்துக்கிடுதாங்க. அதுக்கு மருந்து இருக்கு, கேள்வியைத் தனியா டேட்டாவைத் தனியா அனுப்பிரலாம். இதுக்கு அந்த மருந்து இன்னும் கண்டுபிடிக்கலை.

பிரேவ் கம்பெனிக்காரங்க 2025 ஆகஸ்ட்ல காட்டினதைக் கேளுங்க. பெர்ப்ளெக்ஸிட்டியோட காமெட் பிரவுசர்ல ஒரு ரெட்டிட் பக்கத்தைத் திறந்து, 'இதைச் சுருக்கிச் சொல்லு'ன்னு கேட்டாங்க. அந்தப் பக்கத்துல ஒரு பின்னூட்டத்துக்குள்ள மறைச்சு கட்டளை எழுதி வச்சிருந்தது. ஏஜெண்ட் என்ன பண்ணுச்சு? கணக்குப் பக்கத்துக்குப் போயி மின்னஞ்சல் முகவரியை எடுத்துச்சு. ஓ.டி.பி. வரவழைச்சுச்சு. ஏற்கனவே லாகின் ஆகிக் கிடந்த ஜிமெயிலுக்குள்ள போயி அந்த ஓ.டி.பி.யைப் படிச்சுச்சு. ரெண்டையும் அதே ரெட்டிட் பக்கத்துல பதிலாப் போட்டுச்சு. உபயோகிச்ச ஆள் கேட்டது ஒரு சுருக்கம் மட்டுந்தான்!

ஒரு தளம் இன்னொரு தளத்தோட சமாச்சாரத்தைப் படிக்கக் கூடாதுன்னு 1995ல நெட்ஸ்கேப் காலத்துலயே ஒரு வேலி போட்டாங்க. முப்பது வருசமா நம்ம பேங்க் கணக்கைக் காப்பாத்தினதுல அந்த வேலிக்குப் பெரிய பங்கு. ஏஜெண்ட் அதை உடைக்கல. உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல் வழியாவே போகுது.

சரிபண்ணிருவாங்கன்னு சொல்லுவீங்க. குரோமுக்கு க்ளாட் நீட்டிப்பு விட்டப்ப ஆந்த்ரோபிக் தானே வெளியிட்ட கணக்கு: பாதுகாப்பு இல்லாம 23.6 சதவீதத் தாக்குதல் பலிச்சிருக்கு, பாதுகாப்பு போட்ட பிறகு 11.2. அது ஆகஸ்ட். நவம்பர்ல புது மாடலோட 1 சதவீதம் அளவுக்கு இறக்கிட்டதாச் சொன்னாங்க, அதுவும் சின்ன ஆபத்து இல்லைன்னு அவங்களே சேத்துச் சொன்னாங்க. மறைக்காம சொன்னதுக்கு ஒரு கும்பிடு. ஆனா நூறு வாட்டி ஆட்டினா ஒரு வாட்டி தொறந்துக்கிடுற பூட்டை திண்டுக்கல்காரர் வித்தா வாங்குவீங்களா? திருடன் ஒரு தடவை ஆட்டிட்டு வீட்டுக்குப் போறவன் இல்லையே. அட்லஸ்னு பிரவுசர் விட்ட ஓப்பன்ஏஐயும் டிசம்பர்ல, இது எந்தக் காலத்துலயும் முழுசாத் தீர வாய்ப்பு கம்மின்னுதான் எழுதிச்சு. அதே மாசம் கார்ட்னர், கம்பெனிகள் இப்போதைக்கு ஏஐ பிரவுசரையெல்லாம் தடை பண்ணிருங்கன்னு யோசனை சொல்லிச்சு. காசுள்ள கம்பெனிக்கு அந்த யோசனையைச் சொல்ல ஆள் இருக்கு.

ஆலங்குளத்துக்கு யார் சொல்லுவா? இங்க வந்தது இலவசம். 2025 ஜூலையில ஏர்டெல் தன்னோட 36 கோடி வாடிக்கையாளருக்கும் 17,000 ரூவா பெறுமான பெர்ப்ளெக்ஸிட்டி ப்ரோவை ஒரு வருசம் சும்மா தாரேன்னுச்சு. அக்டோபர்ல காமெட் எல்லாருக்கும் இலவசம். நவம்பர்ல ஆண்ட்ராய்டுக்கும் வந்துட்டு.

எங்கூரைப் பத்திச் சொல்லணும். பாதி வீட்டுல முறமும் பீடி இலையும் இருக்கும். பீடி சுத்துற அக்காமாருக்கு பி.எஃப். பாக்கணும், பிள்ளைக்கு பீடித் தொழிலாளர் உதவித்தொகைக்கு ஆன்லைன்ல விண்ணப்பிக்கணும், பட்டா எடுக்கணும். எல்லாத்துக்கும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற பிரவுசிங் சென்டர்தான் கதி. ஒரே பொட்டி, ஒரே பிரவுசர், ஒரு நாளைக்கு அம்பது பேரோட ஆதார், அம்பது பேரோட ஓ.டி.பி. அந்தத் தம்பியும் ஒரு ஏஜெண்ட்தான், யோசிச்சுப் பாருங்க. இவங்களுக்காக பாரம் நிரப்புதான். ஆனா கடைசி சப்மிட்டுக்கு முன்னால ஒரு காரியம் தவறாம செய்வான். மானிட்டரை அவங்க பக்கம் திருப்பி, "அக்கா, பேரு, இனிஷியல், அக்கவுண்டு நம்பர் நல்லாப் பாத்துக்கோங்க, அமுக்கினா திருத்த முடியாது"ம்பான். எழுத்து தெரியாதவங்கன்னா வாசிச்சுக் காட்டுவான். அவங்க தலையாட்டின பிறகுதான் கை சுட்டிக்குப் போகும். இந்த ஊர்ல அவன் முகத்துல முழிச்சாகணும். நாளைக்கும் கடை தொறக்கணும்.

அந்த அம்பது பேரும் லாகின் பண்ணின பிரவுசருக்குள்ள, மானிட்டரைத் திருப்பத் தெரியாத ஒண்ணைக் கொண்டு உக்கார வச்சா என்ன ஆகும்? ஒரு அக்காவோட உதவித்தொகை இன்னொருத்தர் கணக்குக்குப் போனா, அந்த அக்கா எந்த வாசல்ல போயி நிப்பா? சான் பிரான்சிஸ்கோவுக்கு எந்த பஸ்?

ஒரு கிளையண்ட் (பேர் வேண்டாம்) மீட்டிங்குல சொன்னது இது: "கன்ஃபர்ம் கேட்டா யூசர் ஓடிருவான், அந்தப் பொட்டியைத் தூக்கிருங்க." நம்மாளுங்க நாலு பேர் தலையாட்டுதான். டெமோவுல கை வைக்காம டிக்கெட் புக் ஆனா கைதட்டு கிடைக்குது, அதுக்காக. டிக்கெட்னு சொன்னதும் ஞாபகம் வருது: தட்கல் தொறந்த மொத அஞ்சு நிமிசத்துல லாகின் முயற்சியில பாதி வரைக்கும் பாட்டுதான்னு 2025 ஜூன்ல ரயில்வே சொல்லிச்சு. ரெண்டரைக் கோடி ஐடியை முடக்கினாங்க. ஜூலைலருந்து தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு, ஓ.டி.பி. எல்லாம் வந்துட்டு. யாரோ பாட்டு ஓட்டினதுக்கு வரிசையில நிக்கிற மனுஷனுக்குத்தான் கூடுதல் சோதனை. இனி ஒவ்வொரு தளமும் இதையே செய்யும். ஏஜெண்ட் இல்லாதவன் தான் மனுஷன்தான்னு நாளுக்கு பத்து வாட்டி நிரூபிக்கணும். நல்லாருக்குலா?

என்ன செய்யணும்ங்கற? அனுப்பு, கட்டு, அழி, சமர்ப்பி. இந்த நாலு பட்டனும் மனுஷக் கையால மட்டும் அமுங்கணும். மாடல்கிட்ட 'தயவுசெஞ்சு கேட்டுட்டுச் செய்'னு பிராம்ப்ட்ல கெஞ்சுறது இல்ல. அந்தக் கெஞ்சலைத்தான் அடுத்த பக்கத்துக்காரன் அழிச்சு எழுதுதானே. நிரல்லயே, மாடல் தொட முடியாத இடத்துல அடைப்பு போடணும். ஏஜெண்ட் ஓடுறது லாகின் எதுவும் இல்லாத தனிப் புரொஃபைல்ல இருக்கணும். 'ஓகே ஓகே'ன்னு பாக்காமலே அமுக்கிருவாங்களேன்னா, ஆமா, எதுக்கெடுத்தாலும் கேட்டா அமுக்கத்தான் செய்வாங்க. நாலு இடத்துல மட்டும் கேளு. யாருக்கு, எவ்வளவு, என்ன எழுதிப் போகுதுன்னு தமிழ்ல, பெரிய எழுத்துல காட்டிக் கேளு. வேகம் குறையும். குறையட்டும்வே, என்ன இப்போ?

அப்புறம் பேரு. சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுறவரைப் பாத்திருப்பீங்க. வித்தவர், வாங்கினவர், சாட்சி எல்லாரும் போட்ட பிறகு, அடியில 'எழுதியவர்'னு தன் கையெழுத்தையும் லைசென்ஸ் நம்பரையும் அவர் போடணும். சர்வே நம்பர் மாறிப்போச்சுன்னா எவர் திண்ணைக்குப் போகணும்னு அந்தக் காகிதமே சொல்லும். நாம கட்டுற ஏஜெண்ட் அனுப்புற ஒவ்வொரு மடலுக்கும் அடியில அப்படி ஒண்ணு வேணும். எந்தக் கம்பெனி கட்டினது, எந்தப் பதிப்பு, எந்த மனுஷன் சரின்னு சொன்னது. 'தப்பு என்னோடது'ன்னு எழுத மெஷினுக்கு விடவே கூடாது.

அந்த மடலை வாங்கின கம்பெனிக்கிட்டயே ஒரு பிரவுசர் இருக்கு. உலா. 2025 மார்ச்ல மத்திய அரசு பிரவுசர் போட்டியில முதல் பரிசு, ஒரு கோடி ரூவா வாங்கினது. அதுக்குள்ள ஏஜெண்ட் வைக்கிறதா இருந்தா மொதல்ல மத்தளம்பாறையிலருந்து ஆலங்குளம் வரைக்கும் வந்து, அந்த சென்டர்ல ஒரு நாள் பூரா உக்காந்து பாருங்கய்யா. டீ நான் வாங்கித் தாரேன்.

டிஸ்கி: 'மாடலே பிரவுசருக்குள்ள ஓடினா, குரோம்ல ஜெமினி நானோ மாதிரி, டேட்டா வெளிய போகாதே'ன்னு நண்பர் கட்டாயம் வருவாரு. டேட்டா போகாதுதான். ஆனா அதே சாக்கு, அதே குழப்பம், அதே அனுப்பு பட்டன். மாடல் எங்க ஓடுதுங்கறதைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலை அண்ணாச்சி. அந்தச் சண்டைக்கு வேணும்னா அடுத்த பதிவுல வாரேன்.