சுவரில் தொங்கும் றலி

யாழ்ப்பாணத்தில் பழைய றலி சைக்கிளுக்கு இன்று இரண்டு விதமான மரியாதை கிடைக்கிறது. ஒன்று, விடுதி வாசலில் பூச்செடிக் கூடையைச் சுமந்துகொண்டு நிற்பது. மற்றையது, வெளிநாட்டிலிருந்து வந்து வீடு திருத்திய ஒருவருடைய வரவேற்பறைச் சுவரில், விளக்கு வெளிச்சத்தில், ஆணியில் தொங்குவது. இரண்டு இடத்திலும் அது ஓடுவதில்லை. ஓடாத சைக்கிளுக்கு "மரபுரிமை" என்று பெயர். அதே சைக்கிளை ஒருவர் வீதியில் ஓடிவந்தால் அவருக்கு "வசதியில்லாதவர்" என்று பெயர். நம்மவரின் இந்த இரட்டை நாக்கு எனக்கு நெடுநாளாகவே உறுத்துகிறது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது குடாநாட்டில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட சமூகம் இது. நெல்லும் விறகும் நோயாளியும் பத்திரிகைக் கட்டும் கரியரில்தான் போயின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்தச் சனத்திரளில் எத்தனை குடும்பங்களின் மொத்தச் சொத்தும் ஒரு சைக்கிளில் கட்டப்பட்டிருந்தது! 2022இல் எரிபொருள் வரிசைகள் சந்திக்குச் சந்தி நீண்டபோது மறுபடியும் சைக்கிளைத் தேடினோம். வரிசை மறைந்தது, சைக்கிளும் கொட்டிலுக்குப் போனது. ஆபத்துக்கு உதவியவனை வாசலுக்கு வெளியே நிறுத்துவது நமக்குப் பழக்கமான காரியம்தான்.

அண்மையில் வடமராட்சியில் ஒரு வீட்டில் றலி "டூரிஸ்ற்" ஒன்றை வாங்கினேன். 28 அங்குலச் சில்லு, கம்பி பிறேக், முழுச் செயின் கவர், தோல் சீற். ஏறத்தாழ 20 கிலோ பாரம். காலமாகிவிட்ட ஓர் ஆசிரியருடையது. எனக்கு முன்னரே ஒரு தரகர் வந்து, விடுதி ஒன்றுக்காக அறுபதாயிரம் ரூபாய் பேசிவிட்டுப் போயிருந்தார். நான் சொன்ன தொகை அதனிலும் குறைவு. அந்த அம்மா விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"தம்பி, இதை ஓடுவீரோ, இல்லாட்டி எங்கையேன் கொழுவி வைப்பீரோ?" என்று மட்டும் கேட்டார்.

ஓடுவேன் என்றேன். நாற்பத்தையாயிரத்துக்குத் தந்தார்.

பின்சில்லின் ஹப்பிலே 58 என்று பொறித்திருந்தது. ஸ்ரேமி ஆச்சர் கம்பனி தன் மூன்று கியர் ஹப்பிலே செய்த ஆண்டைப் பொறிப்பது வழக்கம்; ஆக, அந்த ஹப் 1958இல் பிறந்தது. பெடலோடு சுழலும் பற்சக்கரத்தில் கொக்குத் தலைகள். ஹம்பர் என்றால் ஐந்து மனிதர்கள், றட்ஜ் என்றால் ஒரு கை. றலியா ஹம்பரா உயர்ந்தது என்று நம் பெரியவர்கள் சந்தியில் நின்று சண்டை பிடித்தார்கள். ஹம்பர் சைக்கிளை 1932இலும் றட்ஜை 1943இலும் றலியே வாங்கிவிட்டது என்பதும், பின்னர் மூன்றுமே நொட்டிங்ஹாமிலிருந்துதான் வந்தன என்பதும் அவர்களுடைய உற்சாகத்தைக் குறைத்திருக்காது.

"பழைய சைக்கிள் ஓடாது, பார்க்கத்தான் நல்லது" என்பது தொங்கவிடுகிறவர்களின் வாதம். உண்மை நேர்மாறானது. அந்த ஹப்பின் உள்ளே சிறு பற்களும் கொளுக்கிகளும் இருக்கின்றன. அதற்கென உள்ள துவாரத்தில் இடைக்கிடை சில துளி எண்ணெய் விட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது தலைமுறைகள் தாண்டி உழைக்கும். நிறுத்திவைத்தால் எண்ணெய் பிசினாகி, கொளுக்கிகள் ஒட்டிக்கொண்டு, கியர் பிடிக்காது. வெயில் படும் வாசலில் கிடந்தால் தோல் சீற் வரண்டு வெடிக்கும். என்னுடையதும் அப்படித்தான் இறுகிக் கிடந்தது. சைக்கிள் திருத்தும் கடையில் எழுபதைத் தாண்டிய ஐயா ஒருவர் மண்ணெண்ணெயில் கழுவி, கோட்டர் பின் மாற்றி, பக்கிள் எடுத்து, இரண்டு நாளில் அதை உயிர்ப்பித்துத் தந்தார். அவரிடம் தொழில் பழக எவரும் வருவதில்லையாம். மரபுரிமை என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தக் கைகளைப் பற்றி ஒரு வசனமேனும் பேசினால் என்ன?

குடாநாட்டில் மலை ஏது, மூன்று கியர் எதற்கு என்று கேட்கிறார்கள். சோளகம் வீசும் நாளில் பண்ணையிலிருந்து வேலணைக்கு ஓடிப் பார்க்கட்டும். நடுக் கியர் நேரானது. அடிக் கியரில் சில்லு அதில் முக்கால் பங்கே சுழலும். மிதிப்பது அந்த அளவுக்கு இலகு. எதிர்க்காற்றில் அதுதான் காலைக் காக்கிறது. திரும்பி வரும்போது மேல் கியர் போட்டால் காற்றே தள்ளிக்கொண்டு வரும். நீண்ட பாரும் சரிந்த முன்போக்கும் பள்ளம் படுகுழிகளைத் தாமே விழுங்கிக்கொள்கின்றன. குறையும் உண்டு, மறைக்கமாட்டேன். மழை நாளில் அந்தக் கம்பி பிறேக்கை நம்பக்கூடாது. நனைந்த இரும்பு றிம்மில் றப்பர் கட்டை வழுக்கும். நான் மழைக்கு மெதுவாக ஓடுகிறேன்.

என்னைத் தடுப்பது சைக்கிளின் வயதல்ல, வீதி. போருக்குப் பின்னர் காப்பெற் போட்டு அகட்டினார்கள், வரவேற்கிறேன். ஆனால் நான் நாளாந்தம் ஓடும் வீதிகளில் சைக்கிளுக்கென்று கீறிய ஒரு கோட்டை நான் கண்டதில்லை. ஓரத்தில் வாகனங்களை நிறுத்துகிறார்கள். அவற்றைச் சுற்றி நடுவீதிக்கு வந்தால் பின்னால் பேருந்தின் ஹோர்ன். காலையில் அதே ஓரத்தால்தான் வெள்ளைச் சீருடையில் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். சைக்கிளில் போகிறவர் அதிகாரியாகவோ அரசியல்வாதியாகவோ இருந்திருந்தால் அந்தக் கோடு எப்போதோ கீறப்பட்டிருக்கும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு ஊர்த் தரகரிடம் "நல்ல றலி ஒன்று பாரும்" என்று சொல்லிவைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் தகப்பனாரின் சைக்கிள் ஊர் வீட்டுக் கொட்டிலில் இன்னும் சாத்திவைத்தபடி இருக்கலாம். அதை விற்கவும் வேண்டாம், மினுக்கிச் சுவரில் ஏற்றவும் வேண்டாம். ஒழுங்கையில் நடந்து பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளைக்குக் கால் எட்டுமானால் அதைத் திருத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். 28 அங்குல ரயர் இன்னும் இந்தியாவில் செய்கிறார்கள். கடையில் சொல்லிவைத்தால் எடுத்துத் தருவார்கள்.