கடைசிப் பந்தியில் உண்ட ஊர்

திருவேற்காடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கருமாரியம்மன் கோயில். கூவம் ஆற்றங்கரையிலுள்ள இவ்வூர், தேவாரப் பாடல் பெற்ற தலமாக அதற்கும் முன்பே அறியப்பட்டது. அருகிலுள்ள பூந்தமல்லியில் 1653-இல், கோல்கொண்டா ஆட்சிக் காலத்தில் எழுந்த பள்ளிவாசல் இருக்கிறது. ஆகவே இவ்வட்டாரத்தில் முஸ்லிம்களின் வாழ்வு நேற்றுத் தொடங்கியதன்று. ஆயினும், சென்னை விரிந்தபோது இங்கே வீடு தேடி வந்த நம் குடும்பங்களில் சிலர், 'இது நம் ஊரன்று. நாம் ஒதுங்கி வாழ்ந்தால் போதும்' என்றே எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியா?

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்த ஊர் இது. அடியார்களுக்கு அமுது படைத்த பிறகே தாம் உண்பது அவர் வழக்கம். செல்வம் கரைந்தபின் சூதாடிப் பொருளீட்டியும் அதைத் தொடர்ந்தார் என்கிறது பெரியபுராணம். சூது நமக்கு ஹராம். அவ்வழியை நாம் ஏற்க முடியாது. ஆனால், பிறர் உண்ட பின் கடைசிப் பந்தியில் அமர்ந்த அந்த மனம் நமக்கு அந்நியமானதா? அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவர் உண்மையான இறைநம்பிக்கையாளர் அல்லர் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனையன்றோ!

அந்த அண்டை வீட்டார் நம் சமயத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று மார்க்கம் கூறவில்லை. உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 36-ஆம் வசனம் கட்டளையிடுகிறது.

2015 டிசம்பர் பெருமழையில் கூவம் கரைபுரண்டபோது, வெள்ளம் எவர் வீட்டையும் சமயம் கேட்டு நுழையவில்லை. அந்நாட்களில் சென்னையின் பள்ளிவாசல்கள் அனைவருக்கும் கதவு திறந்தன. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் கோயில்களில் படிந்த சேற்றை முஸ்லிம் இளைஞர்கள் அள்ளினர். நாம் பெருமைப்படத்தக்க செய்திதான். ஆனால், வெள்ளம் வடிந்தபின் அந்த உறவு எங்கே போயிற்று?

கோலடி ஏரிப் பகுதியைப் பாருங்கள். ஏரி காக்கப்பட வேண்டியதே. நீர்வழியை அடைத்தால் துன்பம் ஊருக்கே. எனினும், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி அங்கே வீடு கட்டிய எளியவர்கள், 2024-இல் 'வீட்டைக் காலி செய்க' என்னும் அறிவிப்பு வந்தபோது கலங்கி நின்றனர். அத்தகையோருக்கு மனு எழுதித் தருவதும், மாற்றிடம் கேட்டு உடன் செல்வதும் ஒரு ஜமாஅத்தின் பணியல்லவா?

'நம் ஏழைகளே ஏராளம். பிறருக்கு எங்கே கொடுப்பது?' என்று சிலர் கேட்கலாம். ஸகாத்திற்கு உரியோர் இன்னின்னார் என்று வரையறை உண்டு; உபரியான தர்மத்திற்கு அத்தகைய வேலி இல்லை. மனு எழுதவும் உடன் நடக்கவும் பொருள்கூட வேண்டியதில்லை.

நபித்துவத்திற்கு முன், அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணைநிற்க மக்காவாசிகள் செய்த 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையில் நபியவர்களும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்றார்கள். நன்மைக்காகப் பிற சமயத்தவருடன் கைகோப்பதற்கு இதைவிட வேறென்ன முன்மாதிரி வேண்டும்?

ஊர் நம்மை ஏற்குமா என்று காத்திராமல், அடுத்த தெருவின் துன்பத்தில் முதலில் நிற்போம். பந்தியில் கடைசியில் அமர்வோம். வல்ல இறைவன் அதற்கான நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.