குருவிக்கு விலை இல்லை

2024 ஏப்ரலில் குலு பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். விடியற்காலையில் கீழே ஓடையின் இரைச்சல். அதையும் மீறி ஒரு பையன் விசிலடிக்கிறான். மெட்டு முழுசாக வரவில்லை. பாதியில் விட்டு வேறெங்கோ தொடங்குகிறான். ஜன்னலைத் திறந்தால் பையனைக் காணோம். ஈரப் பாறை மேல் கருநீலக் குருவி ஒன்று, மஞ்சள் அலகோடு. நீலகிரி, கொடைக்கானல் ஓடைகளில் சீழ்க்கையடிக்கும் சீகாரப் பூங்குருவியின் இமயமலைச் சொந்தம்.

வீட்டுக்கார அம்மாளுக்கு அது வெறும் அலாரம். கூடையோடு தேவதாருக் காட்டுக்குக் கிளம்பிவிட்டார், குச்சி தேட. நம் ஊர்க் குச்சி அல்ல. தேன்கூடு போல் குழி விழுந்த தலையுள்ள காட்டுக் காளானுக்கு இந்தியில் அந்தப் பெயர். பனி உருகியதும் முளைக்கும். இடி இடித்தால்தான் வரும் என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை.

நானும் கூடப் போனேன். குருவியைக் காது காட்டிக் கொடுத்துவிடும். காளானோ சருகின் நிறத்தில் சருகுக்குள் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தவை இரண்டு. அவருக்கு ஒரு முந்தானை நிறைய. பத்து கிலோ பறித்துக் காயவைத்தால் ஒரு கிலோ தேறும். அது தில்லியில் 20,000 ரூபாயைத் தாண்டும். உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "வியாபாரி சொல்வதுதான் விலை, பெஹன்ஜி."

குருவிக்கு விலையே கிடையாது. பிடித்து விற்றால் சட்டம் பாயும். ஆனால் இரண்டுக்கும் ஆதாரம் ஒரே பனிதான். அதுதான் காட்டு மண்ணை நனைக்கிறது; குருவி நத்தையும் பூச்சியும் பொறுக்கும் ஓடையையும் நிரப்புகிறது. அந்த ஜனவரியில் பனிச்சறுக்குக்குப் பேர்போன குல்மார்கிலேயே மாதக் கடைசி வரை வெறும் தரை தெரிந்தது. பனி குறைந்தால் கூடை காலியாகிறது, ஊரே பேசுகிறது. விசில் குறைந்தால் யார் கணக்குப் பார்ப்பார்கள்?

கூடை காலியானால் மாற்று வழியும் தயாராகி வருகிறது. சோலனில் உள்ள மத்திய அரசின் காளான் ஆராய்ச்சி நிலையம் குச்சியைச் செயற்கையாக வளர்த்துவிட்டதாக 2021இல் அறிவித்தது. விஞ்ஞானிகளைப் பாராட்டத்தான் வேண்டும். எனக்கென்னவோ முழு மனசு வரவில்லை. காளானைக் கொட்டகைக்குள் கொண்டுவரலாம்; ஓடையை?

அன்று இரவு அடுப்பங்கரையில் அம்மாள் காளான்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தபோது சோலன் விஷயத்தைச் சொன்னேன். கை நிற்கவில்லை.

"அப்படியானால் காட்டுக்கு யார் போவார்கள்?" என்றார்.