விருந்தினருக்கு ஊரை யார் காட்டுவது?

டிசம்பர் மாதம் பிறந்ததும் நம் வீடுகளில் விருந்தினர் வரவு தொடங்கிவிடுகிறது. மாமா குடும்பம், சித்தப்பா குடும்பம், சம்பந்தி வீட்டார் என்று மெயின்லேண்டிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குகிறார்கள். நாமும் முகம் கோணாமல் ஊரைச் சுற்றிக் காட்டுகிறோம். காலையில் செல்லுலர் சிறை, பிற்பகல் படகேறி ராஸ் தீவு, இருட்டியதும் சிறை வளாகத்தில் ஒலி-ஒளிக் காட்சி, திரும்பும் வழியில் அபெர்டீன் பஜாரில் சிப்பிப் பொருள்கள். மறுநாள் ஹேவ்லாக். வந்தவர்களுக்கு மகிழ்ச்சி, நமக்கும் கடமை முடிந்தது.

ஆனால் அன்பர்களே, இதில் நாம் செய்வது என்ன? டிக்கெட் வாங்குகிறோம், தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறோம். ஊரின் கதையைச் சொல்லும் வேலையை மட்டும் வேறு யாரிடமோ விட்டுவிடுகிறோம். நான் சென்றபோதெல்லாம் ஒலி-ஒளிக் காட்சியில் அந்த அரச மரம் இந்தியில்தான் பேசியது. நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்தி பழகிப்போன மொழி. திருநெல்வேலியிலிருந்து வந்த பெரியம்மாவுக்கு? கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்துவிட்டு, "லைட்டெல்லாம் நல்லா இருந்துச்சுப்பா" என்கிறார்.

வருகிற தமிழர் பலருக்கு இந்தச் சிறையைப் பற்றித் தெரிந்தவை இரண்டே. ஒன்று 1996-ல் வந்த 'சிறைச்சாலை' திரைப்படம். மற்றொன்று வ.உ.சி. இழுத்த செக்கு. "அந்தச் செக்கு எங்கே இருக்கு?" என்று என்னிடம் கேட்காத விருந்தினர் குறைவு. வ.உ.சி. அந்தமானுக்கு வரவே இல்லை. 1908-ல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள் என்பது உண்மை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர்ச் சிறையில். பிறகு கண்ணனூர்ச் சிறை. 1912-ல் வெளியே வந்தார். இதைச் சொன்னால் சிலர் முகம் வாடிவிடுகிறது. உறவினர் மனம் நோகக் கூடாது என்று "ஆமாம், இங்கேதான்" என்று தலையாட்டி விடுகிற நண்பர்களும் நம்மிடையே உண்டு. அது விருந்தோம்பலில் சேராது என்பது என் கருத்து.

இங்கே செக்கு இழுத்தவர்கள் வங்காளத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் வந்தவர்கள். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தர வேண்டும், இல்லையென்றால் அடி. 1933-ல் உண்ணாவிரதம் இருந்தபோது வலுக்கட்டாயமாகக் குழாய் செருகிப் பால் ஊற்றியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் இறந்தார்கள். நம் ஊர்க்காரர் இல்லை என்பதற்காக இவர்கள் பெயரை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த சிறை இது. பர்மாவிலிருந்து வந்த செங்கல், கைதிகளின் உழைப்பு. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு பிரிவுகள் சக்கரத்தின் ஆரக்கால் போல நீண்டிருந்தன. இன்று இருப்பவை மூன்று. விருந்தினர் வழக்கமாக, "ஜப்பான்காரன் குண்டு போட்டானா?" என்பார்கள். ஜப்பானியர் காலத்தில் சேதமானது உண்டு. ஆனால் சுதந்திரம் பெற்ற பிறகு நாமே இடித்ததும் உண்டு. அதே சிறையில் இருந்துவிட்டு வந்த பழைய கைதிகள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால்தான் மிச்சமாவது நின்றது. 1979-ல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. இடித்த இடத்தில் எழுந்ததுதான் ஜி.பி. பந்த் மருத்துவமனை. நம் பிள்ளைகளில் பலர் கண் விழித்தது அங்கேதான். இதைவிடவா ஒரு கதை வேண்டும், பிறந்த பிள்ளைக்கே சொல்ல?

ராஸ் தீவில் மான்களைப் படம் எடுத்துவிட்டு அடுத்த படகைப் பிடிக்கிறோம். பல பத்தாண்டுகள் இத்தீவுகளின் தலைநகராக இருந்த இடம் அது. 1941 நிலநடுக்கத்தோடு அந்த வாழ்வு முடிந்தது. 2018-ல் அதற்கு நேதாஜியின் பெயரைச் சூட்டினார்கள். அவர் 1943 டிசம்பர் 30-ம் நாள் இந்நகரில் கொடியேற்றியதை எல்லோரும் சொல்கிறோம். சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்த 44 பேரை ஒற்றர்கள் என்று கூறி ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். அங்கேயும் ஒரு நினைவிடம் இருக்கிறது. அங்கே விருந்தினரை அழைத்துச் செல்கிற தமிழ்க் குடும்பம் எத்தனை?

2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனபின் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: "இது நம்ம சோழர் வச்ச பேரா?" சோழர் கடற்படையை நினைவூட்டித்தான் அரசு அறிவித்தது. முதலாம் ராஜேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று நிக்கோபார் இடம்பெறுவதும் மெய். ஆனால் ஸ்ரீவிஜயம் என்பது சுமத்ராவில் இருந்த அரசு. 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பல்கள் போய்த் தாக்கியதே அதைத்தான்! இந்த வேடிக்கையையும் சேர்த்துச் சொன்னால் மாமாவும் ரசிப்பார்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. பதினாறு பக்கத்தில், சட்டைப் பையில் அடங்கும்படி, தமிழில் ஒரு சிறு கையேடு போட வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளை நாலைந்து ஞாயிற்றுக்கிழமை சிறைக்கும் ஹம்ஃப்ரிகஞ்சுக்கும் அழைத்துச் சென்று, வருகிற உறவினருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லப் பழக்க வேண்டும். மேடையில் ஒப்பிக்கும் பேச்சுப் போட்டியை விட இதில் தமிழ் நன்றாக வரும். அச்சுச் செலவுக்கு விழா மலர் விளம்பரக் கணக்கில் வழி இருக்கும் என்று நினைக்கிறேன். கையேட்டின் முதல் பக்கத்திலேயே வ.உ.சி. செக்கு விஷயத்தைப் போட்டுவிடுங்கள், பாதிக் கேள்வி குறைந்துவிடும்.