சாக்லேட்டும் ஹலால் சான்றிதழும்

மலேசியாவில் விற்பனையான கேட்பரி சாக்லேட்டுகளில் இரு வகைகளில் பன்றியின் மரபணுச் சுவடுகள் காணப்பட்டதாக அந்நாட்டுச் சுகாதார அமைச்சு 2014 மே மாதம் அறிவித்தது. இரண்டுமே ஹலால் சான்றிதழ் பெற்றிருந்தவை. நிறுவனம் அவற்றைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சில முஸ்லிம் அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தன. ஆனால், தொழிற்சாலையில் எடுக்கப்பட்ட 11 மாதிரிகளில் அத்தகைய சுவடு எதுவும் இல்லை என்று, சான்றிதழ் வழங்கும் அரசுத் துறையான ஜாக்கிம் ஜூன் 2ஆம் தேதி தெரிவித்தது. ஒரே அரசிடமிருந்து பத்தே நாட்களுக்குள் இரு வேறு விடைகள்.

உறையில் அச்சிடப்படும் பட்டியலும் இதில் அதிகம் உதவுவதில்லை. ஈ471 என்ற சேர்க்கைப்பொருள் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். ஜெலட்டினின் மூலம் மாடாகவோ, பன்றியாகவோ, மீனாகவோ இருக்கலாம். மாடு என்றாலும், அது அறுக்கப்பட்ட முறை பற்றிய கேள்வி எஞ்சுகிறது.

ஒரு பொருள் தன் இயல்பை முற்றிலும் இழந்து வேறொன்றாக மாறிவிட்டால் அது தூய்மையானதே என்பது ஹனஃபி மரபின் கருத்து. ஷாஃபி மரபு இதனை மிகக் குறுகிய வரம்புக்குள்ளேயே ஏற்கிறது. மலேசியா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய நாடுகளின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மரபினர் என்பதால், அங்கு ஐயம் எளிதில் அடங்குவதில்லை.

சான்றிதழைச் சட்டபூர்வக் கட்டாயமாக்கிய இந்தோனேசியாவிலேயே, 2025 ஏப்ரலில் பன்றிக்கூறு கண்டறியப்பட்ட ஒன்பது தின்பண்டங்களில் ஏழு, ஹலால் சான்றிதழ் பெற்றவையாக இருந்தன. சான்றிதழ், ஆய்வு நடந்த நாளின் நிலவரத்தையே சொல்கிறது. பின்னர் மூலப்பொருள் மாறினால், கடையில் மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் அது தெரியவரும்.